சிவக்காத தோல்

மகிழினி முதன்முதலாக அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலையில், வளவுப் பெண்கள் குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்று பார்த்தார்கள். எட்டு வயதில் அவளுடைய முழங்கைகளை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதுவரை மணிக்கட்டை மூடும் முழுக்கைச் சட்டைதான். அவள் அம்மா பொன்செல்வி வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். மகளுக்கான துணிகளை மல் துணியில், தையல் விளிம்பு வெளியே தெரியும்படி தைப்பாள். விளிம்பு உள்ளே இருந்தால் அந்த நூல் உரசுவதே போதும், பிள்ளை ரத்தம் வரும்வரை சொறிந்துவிடும். இதனால் மகிழினி எப்போதும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தவள் மாதிரி இருப்பாள். வகுப்பில் அவளுக்கு 'உல்டா' என்று பெயர்.

"என்ன மருந்து மதினி அது?" குழாயடியில் சந்தனமாரி கேட்டாள். "சோப்பு விளம்பரத்துல வார பிள்ள மாதிரில்லா மினுங்குதா!"

"ஏதோ புதுக் களிம்பு," என்றாள் பொன்செல்வி. அதற்கு மேல் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பின்னால், உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த வளவு. பத்து வீடு, ஒரு குழாய். கடல்நீரைச் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர். அதில் குளித்தால் நல்ல தோலே வறண்டு வெள்ளை பூக்கும். மகிழினிக்குப் பிறந்த மூன்றாம் மாதம் கன்னத்தில் தொடங்கியது. கரப்பான் என்றார்கள். கருவாடு ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்றார்கள். குப்பைமேனி அரைத்துப் பூசச் சொன்னார்கள், அருகம்புல் தைலம் கொடுத்தார்கள். தோல் டாக்டர்கள் சொன்னது வேறு: கொஞ்ச நேரக் குளியல், ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்கக் களிம்பு, நகத்தை ஒட்ட வெட்டு, தூங்கும்போது கைக்கு உறை, மோசமான நாட்களில் மருந்து பூசி அதன்மேல் ஈரத்துணி சுற்று. பொன்செல்வி எதையும் விடவில்லை. விடாததால்தான் பிள்ளை இந்த அளவாவது இருக்கிறாள் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த அளவு என்பது, எழுந்ததும் தலையணை உறையில் சிவப்புக் கோடுகளைப் பார்ப்பது.

யாரும் பொன்செல்வியை ஒதுக்கிவைத்ததாகச் சொல்ல முடியாது. வளவுக்காரர்கள் நல்லவர்கள். அவள் தண்ணீர் பிடித்துப் போனபின் குழாயின் வாயை ஒரு தடவை கழுவிக்கொள்வார்கள், அவ்வளவுதான். விசேஷங்களுக்குப் பத்திரிகை வரும், போனால் சாப்பாடு போடுவார்கள். நலங்கு வைக்க மட்டும் கூப்பிடமாட்டார்கள். சந்தனக் கிண்ணம் பெண்களின் கைமாறி வரும்போது அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போய்விடும்.

அதைப் பார்த்துச் சத்தம் போட்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டு ஆவுடை. எட்டயபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்.

"கரப்பான் ஒட்டுவாரொட்டி இல்ல, கேட்டுக்கிடுங்க! அது அவ ஒடம்புக்குள்ள இருந்து வாரது. நான் பயாலஜி குரூப்பு."

"பயாலஜியில ஃபெயிலுன்னு ஒம் மாப்பிள்ள சொன்னாரே," என்பாள் சந்தனமாரி.

"ஃபெயில் ஆனாலும் ஒட்டாதுங்கது ஒட்டாதுதான்!"

சொல்லிவிட்டு எல்லோரும் பார்க்க மகிழினியைத் தூக்கி, அவள் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துத் தேய்ப்பாள். பிள்ளை கூச்சத்தில் நெளியும். பொன்செல்வி அப்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

*

சில மாதங்களுக்கு முன் மகிழினியை ஆய்வுக்குச் சேர்த்தது கடற்கரைச் சாலையிலிருந்த ஒரு தனியார் மையத்தில். அங்கே டாக்டர் ஹபீபா முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"இது மருந்து இல்ல பொன்செல்வி. உயிரு. நம்ம எல்லார் தோல் மேலயும் கிருமிங்க குடியிருக்கு. அதுல ரொம்பச் சாதுவான ஒண்ணை எடுத்து ஒரு வேலை கத்துக்கொடுத்திருக்கோம். உங்க பொண்ணு தோலு ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சண்டைக்கு நிக்குது. தூசி பட்டா சண்டை, வேர்வை பட்டா சண்டை. இது அங்கேயே குடியிருந்துக்கிட்டு 'சும்மா இரு, சும்மா இரு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

"நெசமாவே சண்டை போட வேண்டிய ஆளு வந்தா?"

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அதற்கு முன் எந்தத் தாயும் கேட்டிருக்கவில்லை போலிருந்தது.

"அப்பவும் சும்மாத்தான் இருக்கும். காயம் சிவக்காது, வீங்காது, சுடாது. உள்ளே சீழ் பிடிச்சாலும் வெளியே பளிங்கு மாதிரி இருக்கும். அதுக்குத்தான் இது." காதுக்குப் பின்னால் ஒட்டும் ஒரு சின்ன வில்லையைக் காட்டினார். "ரத்தத்துல கிருமி ஏறினா இது எங்களுக்குத் தகவல் அனுப்பும். குளிக்கும்போதும் எடுக்கக்கூடாது."

"அடுத்தவுகளுக்கு ஒட்டுமா?"

"ஒட்டும். தொட்டா ஒட்டும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணும் செய்யாது, காயம் பட்டா மட்டும் கவனமா இருக்கணும். மாசமா இருக்கிறவங்க, கைக்குழந்தை, இவங்க பக்கத்துல போகவே கூடாது. பூசி முடிச்சதும் இந்த நீல மருந்துல கை கழுவிடுங்க. அது பட்டா செத்துடும். அதனால பாப்பா மேல படாம பாத்துக்குங்க."

பொன்செல்வி சிரித்துவிட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை.

"இல்ல டாக்டர். ஒட்டாத நோவுக்கு ஒட்டும் ஒட்டும்னாவ இத்தன வருசமா. இப்பப் பாத்தா ஒட்டுத மருந்து."

"வெளியே சொல்லிக்க வேண்டாம்," என்றார் ஹபீபா. "ஆய்வு முடியட்டும்."

ஒரு மாதத்தில் மகிழினியின் தோலில் சிவப்பு வடிந்தது. பிறகு செதில் உதிர்ந்தது. யானைத்தோல் மாதிரித் தடித்திருந்த முழங்கால் மடிப்புகள் மெதுவாக இளகின. தந்தை சுடலைமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பிள்ளை சொறியாமலிருக்க அவள் கைகளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து உறங்கப் பழகியவர். பிடிக்க வேண்டிய அவசியம் போனபிறகும் சில நாட்கள் அப்படியே உறங்கினார்.

*

ஆவுடைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அவள் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்தே பொன்செல்வி ஏதாவது சாக்குச் சொல்லி அவளிடமிருந்து விலகியே இருந்தாள். தைக்க வேண்டியது குவிந்து கிடக்கிறது என்பாள், சளி, தடுமல் பிடித்திருக்கிறது என்பாள். வளைகாப்புக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மகிழினியை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

ஆவுடை கழுத்துவரை மாலையோடு நாற்காலியில் இருந்தபடி கூப்பிட்டாள். "மதினி, அங்கன என்ன ஒளிஞ்சிருக்கீய? வாங்க. மொதச் சந்தனம் நீங்கதான்."

ஆவுடையின் மாமியார் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"எனக்குத் தடுமல் இன்னும் விடல, ஆவுடை. வேற யாராச்சும்—"

"என்ன மதினி, நீங்களே பின்வாங்குதீய?" என்ற ஆவுடை குரலை உயர்த்தினாள். "இந்தச் சனத்துக்கு முன்னாடி நீங்க வச்சாத்தான் நான் அடுத்த ஆளுட்டக் கையக் காட்டுவேன். இல்லன்னா எம் பாட்டுக்கு எந்திச்சிப் போயிருவேன், ஆமா."

எல்லோரும் பொன்செல்வியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகள் அவளுக்குப் பழக்கமானவை. மறுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இவளே ஒப்புக்கொள்கிறாள், ஒட்டும். அன்று காலைதான் மகளுக்குக் களிம்பு பூசியிருந்தாள். நீல மருந்தில் கழுவினாள். நகக்கண்வரை தேய்த்தாளா என்று நினைவில்லை. பிறகு பிள்ளைக்குத் தலை சீவிவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு விரல் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தாள். ஆவுடை விடவில்லை. "நல்லா வைங்க, காசா பணமா!" பொன்செல்வி அவள் இரண்டு கன்னத்திலும் இரண்டு கையிலும் சந்தனத்தை இழுத்துப் பூசிவிட்டு, வளையலை அழுத்தி ஏற்றினாள். பிறகு சந்தனமாரி, மாமியார், மற்றவர்கள் எல்லோரும் அதே கிண்ணத்தில் கை வைத்தார்கள். மகிழினியை ஆவுடை இழுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "உள்ள இருக்கவனுக்கு ஒரு முத்தம் குடு." பிள்ளை கொடுத்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் சந்தனமாரி பொன்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவளுக்கு வைத்தாள். மன்னிப்புக் கேட்பது மாதிரி இருந்தது. பொன்செல்வி அதைச் சாப்பிட்டாள். இப்படி ஒரு நாள் வரும் என்று அவள் நம்பியதில்லை. அந்த நாளில் பயப்படுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

*

பையன் பிறந்தான். பிறந்த குழந்தைகளுக்கு வரும் பொரி, சிவப்பு, வேர்க்குரு எதுவும் அவனுக்கு இல்லை. உப்பளக் காற்றில் வைகாசி மாத வெயிலில் அவன் தோல் தாழம்பூ மடல் மாதிரி இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆவுடை சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினாள்: "மதினி, எல்லாம் ஒங்க கை ராசி!"

தையல் மிஷினில் இருந்த பொன்செல்வியின் கால் நின்றது. அவள் ஜன்னல் வழியாகவே இரண்டு முறை குழந்தையைப் பார்த்திருந்தாள். அந்தத் தோல் எந்தத் தோல் என்று அவளுக்குத் தெரியும். குழந்தைக்கு நோய் ஒன்றும் இல்லையே, அப்புறம் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தொப்புள்கொடி விழுந்து சில நாட்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தது. பிறகு அழவும் மறுத்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுடலைமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள்.

"ஒண்ணும் புடிபடலயாம். கிருமி ஏறியிருக்குங்காவ. எங்கேருந்து ஏறிச்சின்னு தெரியலயாம். நெஞ்சு நல்லாருக்கு, தொப்புளும் சுத்தமா இருக்கு, ஒரு துளி செவப்பு இல்லங்காவ."

பொன்செல்வி குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள்.

"செவக்காது," என்றாள். "என்னங்க, அது செவக்காது. தொப்புளத்தான் பாக்கணும்."

அவர் நிமிர்ந்தார். வளைகாப்பு அன்று அவரும் இருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா எப்படித் தெரியும்?"

"அப்ப இரு." திண்ணமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது மாதிரிச் சொன்னார். "அங்க பெரிய பெரிய டாக்டர்மாரு இருக்காவ. எப்படியும் கண்டுபிடிப்பாவ. நீ வாயத் தெறந்தா நாளைக்கே இவளக் கழுவி விட்ருவாவ, செல்வி. மறுபடியும் அந்தக் கைய நான் புடிச்சிட்டு ஒக்காரணும். எனக்கு அது முடியாதுட்டி. நெசமா முடியாது."

வாசலில் மகிழினி சிறுமிகளோடு பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தோற்றதற்காகக் கையை வீசிச் சண்டை போட்டாள். வெயிலில் அந்தக் கை மினுங்கியது. பொன்செல்வி அன்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆவுடையின் மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். "முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கப் போறாவளாம். இத்துனூண்டு முதுகு அது, செல்வி. அதுல எங்க ஊசி போடுவாவ?" என்று விரலை அளந்து காட்டினார்.

அவர் போனதும் பொன்செல்வி டாக்டர் ஹபீபாவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். "வச்சிடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் பேசணும்," என்றார் ஹபீபா.

தொப்புளுக்கு அடியில் கீறிப் பார்த்தார்கள். வயிற்றுச் சுவர்வரை சீழ் இறங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

*

"ஒரு நா முன்னாடியே சொல்லியிருந்தா?" என்று கேட்டாள் பொன்செல்வி. ஆய்வு மையத்தின் அறையில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

டாக்டர் ஹபீபா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. "வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. நீங்க ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பீங்கல்லா?"

"தொப்புளைப் பாருங்கன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல."

பொன்செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளுங்க," என்றார் ஹபீபா. "இது வெளியே வந்தா இன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்துவாங்க. நூத்துக்கணக்கான பிள்ளைங்க. அதுல ஒரு பையன், பதினாறு வயசு, இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தூக்கு மாட்டிக்கப் பாத்தவன். அரிப்புத் தாங்காம. அவன் இப்ப கபடி விளையாடறான். புது ரகம் ஒண்ணு தயாராகுது. சிவக்க வேண்டியதுக்குச் சிவக்க விடும். ஒரு வருஷம் பொறுத்தாப் போதும்."

"ஒரு வருசத்துல எத்தன வளைகாப்பு வரும், டாக்டர்?"

ஹபீபா மேசை இழுப்பறையைத் திறந்து பெரிய நீல பாட்டிலை எடுத்து வைத்தார். "அந்தம்மா உடம்புல இன்னும் இருக்கும். அடுத்த குழந்தைக்கும் இதே ஆகக்கூடாது. தலையோட காலோட, ரெண்டு தடவை. நீங்க போய்க் குளிப்பாட்டுங்க. உங்களால முடியும். துக்க வீடுதானே, யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க."

"எம் மவ?"

"மகிழினி விஷயத்துல எந்த மாற்றமும் இல்ல. அப்படியே தொடரலாம்." பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க கேட்டது அதுதானே."

*

பிள்ளை இறந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் இரண்டாம் நாள் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆவுடை பின்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. அழுகை இன்னும் வந்திருக்கவில்லை.

"தலைக்கு ஊத்துதேன், வா," என்றாள் பொன்செல்வி.

வெந்நீரில் நீல மருந்தைக் கலந்தாள். ஆவுடை சொன்னபடியெல்லாம் கையைத் தூக்கினாள், கழுத்தைத் திருப்பினாள். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். கன்னத்தைத் தேய்க்கும்போது பொன்செல்வியின் கை நின்றது.

"ஆவுடை, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். நான் வச்ச சந்தனம்தான்."

"என்ன சந்தனம்?"

"வளைகாப்புக்கு வச்சது. மகிக்குப் பூசுத களிம்புல உயிர்க் கிருமி இருக்கு. அது ஒட்டும். எங் கையிலேருந்து ஒனக்கு வந்து, ஒன்ட்டருந்து அவனுக்கு வந்திருக்கு. அதனாலதான் புண்ணு வெளிய தெரியல. எனக்கு மொத நாளே தெரியும். நான் சொல்லல. எம் பிள்ளைக்காகச் சொல்லாம இருந்துட்டேன்."

தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஆவுடை முகத்தை மூடியிருந்த முடியை விலக்கி அவளைப் பார்த்தாள். அடிப்பாள் என்று பொன்செல்வி காத்திருந்தாள்.

"யாரு சொன்னா ஒங்கள்ட்ட?" என்றாள் ஆவுடை. "சந்தனமாரியா? எங்க மாமியாரா?"

"யாரும் சொல்லல. டாக்டரே—"

"பொய் சொல்லாதீய மதினி. நேத்திக்கி இங்க உக்காந்து பேசினாவ, நான் கேட்டேன். மொதச் சந்தனம் அவ கையால வாங்குனாளே, இப்பப் பாருன்னு. என் காதுபடப் பேசினாவ." அவள் எழுந்தாள். ஈரப்புடவை காலைச் சுற்றியது. "ஒங்களையே நம்ப வச்சிட்டாளுவளே! ஒட்டாதுன்னு இந்த வளவு பூரா தொண்டத் தண்ணி வத்தக் கத்திருக்கேன். நீங்க என்ன பாவம் செஞ்சீய? எம் பிள்ள போச்சு. அதுக்கு நீங்க எதுக்கு ஒங்களக் கொல்லுதீய?"

"ஆவுடை, நான் சொல்லுதது நெசம்—"

"வாங்க."

ஒரு கையால் பொன்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பொன்செல்வியின் இன்னொரு கையில் நீல பாட்டில் இருந்தது. குழாயடியில் தண்ணீர் வரும் நேரம். ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். தலைவிரிந்து ஈரம் சொட்ட வந்த ஆவுடையைப் பார்த்ததும் இடுப்புக் குடங்களை இறக்கினார்கள்.

"நேத்து எங்க வீட்டுல உக்காந்து பேசினது யாரு?" என்றாள் ஆவுடை. "இந்தக் கை பட்டுத்தான் எம் பிள்ள செத்தான்னு சொன்னது யாரு? இந்தா கை." பொன்செல்வியின் கையைத் தூக்கித் தன் கன்னத்தில், கழுத்தில், நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "பெத்தவ நானே தொடுதேன். ஒங்களுக்கு என்ன கொள்ள? தொடுங்க. ஒவ்வொருத்தியா வந்து தொடுங்கட்டி!"

பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கும்போது மறுக்க அந்தப் பெண்களுக்குத் திராணி இல்லை. முதலில் ஒருத்தி வந்து தலைகுனிந்தபடி பொன்செல்வியின் விரல்களைத் தொட்டாள். அடுத்தவள் கையையே பிடித்தாள். சந்தனமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்புத்தான் ஆவுடை. என் நாக்குல புத்து வைக்க," என்றபடி வந்தாள். அவள் இடுப்பில், ஊரிலிருந்து வந்திருந்த தங்கையின் ஐந்து மாதப் பெண் குழந்தை இருந்தது. வார்த்தையால் மட்டும் சொன்னால் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, குழந்தையை இறக்கிப் பொன்செல்வியிடம் நீட்டினாள். "இந்தாங்க மதினி. நீங்க எடுங்க."

குழந்தை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தது.

பொன்செல்வி கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள்.

"ஒட்டும்," என்றாள்.

"மதினி!" என்றாள் ஆவுடை.

"ஒட்டும். இவ சொல்லுதது தப்பு. ஒட்டும். தள்ளிப் போங்க. எல்லாரும் வீட்டுக்குப் போயிக் குளிங்க. பிள்ளையளக் குளிப்பாட்டுங்க."

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடம் விட்டு மகிழினி வந்தாள். கூட்டத்தைப் பார்த்து, அதன் நடுவில் குழந்தையைப் பார்த்து, பையோடு ஓடிவந்தாள். குழந்தைகள் என்றால் அவளுக்கு உயிர். இவ்வளவு காலம் யாரும் அவள் கையில் ஒன்றைக் கொடுத்ததில்லை. சந்தனமாரியின் இடுப்பில் தொங்கிய அந்தக் காலைப் பிடிக்க எட்டினாள்.

பொன்செல்வி மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். குழாயடியில் உட்கார வைத்து, பாட்டில் மூடியைப் பல்லால் திருகித் துப்பினாள். கைகளில் ஊற்றினாள். கழுத்தில், முகத்தில், சட்டையைத் தூக்கி முதுகில், வயிற்றில். ஊற்றித் தேய்த்தாள். காதுக்குப் பின்னாலிருந்த வில்லை பிய்ந்து தண்ணீரோடு போயிற்று.

"யம்மா, எரியுது! யம்மா, என்ன செஞ்சேன் நான்?"

அவள் பாட்டில் காலியாகும்வரை தேய்த்தாள். பிறகு பாட்டில் வாயில் ஒட்டியிருந்ததைத் தன் கைகளில் வழித்துக்கொண்டாள்.

ஆவுடைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "இவளுவ சொன்னாளுவன்னு பெத்த பிள்ளய இப்படிச் செய்யுதீயளே! நீங்களே இப்படிச் சொல்லிட்டா நான் யாருக்காகப் பேசினேன், மதினி?" அழுதுகொண்டே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் வளவில் எல்லா வீட்டிலும் வெந்நீர் காய்ந்தது. பொன்செல்வி தன் வீட்டில் மீதமிருந்த நீல மருந்தை ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக் கொடுத்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் எப்போதும் நம்பிவந்ததைத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

*

வாரம் முடிவதற்குள் மகிழினிக்கு வலது முழங்கை மடிப்பில் சிவந்தது. பிறகு இடது. ஆய்வு மையத்திலிருந்து, நிபந்தனையை மீறியதால் மகிழினியை ஆய்வில் வைத்திருக்க இயலாது என்று மரியாதையாகச் செய்தி வந்தது. சுடலைமுத்து கட்டிலருகே நாற்காலியைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டார்.

பொன்செல்வி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இளைஞர். பொறுமையாகக் கேட்டார். மகிழினியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வழக்கமான கரப்பான் தவிர அதில் வேறெதுவும் இல்லை. ஆவுடையிடமும் பரிசோதிக்கலாம் என்றால், அவளையும் பொன்செல்விதான் கழுவியிருந்தாள். "குழந்தை இறந்தது உங்களை ரொம்பப் பாதிச்சிருக்கு," என்றார் அவர்.

அவள் மறுபடியும் மல் துணி வாங்கினாள். விளிம்பை வெளியே விட்டு முழுக்கைச் சட்டைகள் தைத்தாள். குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பு பூசினாள். சிவந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சுட்டது. பிள்ளை வலியில் கையை இழுத்துக்கொள்ளும்வரை அதை அங்கேயே வைத்திருந்தாள்.

காலையில் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். அவள் வருவதைப் பார்த்ததும் பெண்கள் பாதி நிரம்பிய குடங்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஆவுடையின் கதவு திறக்கவில்லை. சந்தனமாரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வளவின் அந்தக் கோடிக்கு நடந்தாள். அவள் போய் வீட்டுக்குள் நுழையும்வரை பொன்செல்வி நின்று பார்த்தாள். பிறகுதான் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.